தானே கூட்டிய காரும் ஓடுகளத்தில் முதல் நாளும்

மோட்டார் வண்டியைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவது, நீந்தத் தெரியாதவன் கடலைக் குறித்து விரிவுரை செய்வதை ஒக்கும் என அன்பர் சிலர் நகைக்கக்கூடும். அந்நகைப்பு நியாயமானதே. எனக்குச் சொந்தமாயிருப்பது ஒரு துவிச்சக்கர வண்டி; அதன் சங்கிலி கழன்றாலும் சந்திக் கடைக்காரரையே நாடுபவன் யான். ஆயினும் 2023ஆம் ஆண்டு கோடையில், இலண்டனில் வாழும் என் தமையனார் இல்லத்துக்குச் சென்றிருந்த காலத்து, நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் தம் கையாலே கூட்டியமைத்த காரை முதன்முறையாக ஓடுகளத்துக்குக் கொண்டுசென்ற நாளில் உடனிருக்கும் வாய்ப்புக் கிட்டியது. அன்று கண்டனவற்றையும், கேட்டுத் தெளிந்தனவற்றையும் இம்மலருக்கு எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தனர். தம் பெயரை வெளியிட வேண்டாம் என அவர் கேட்டுக்கொண்டமையின், ‘நம் மாணவர்’ என்றே அவரைக் குறிப்பேன்.

முதற்கண், காரை ஒருவர் தாமே கூட்டுவதென்பது யாது என விளக்குதல் வேண்டும். இங்கிலாந்தில் ‘கிற் கார்’ என வழங்கும் ஒருவகை வண்டி உண்டு. சட்டம், இயந்திரம், கியர்ப் பெட்டி, சில்லுகள், வயர்கள், அலுமினியத் தகடுகள் முதலியவற்றைப் பெட்டிகளில் அடைத்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். அவற்றைக் காராக்குதல் வாங்கியவரின் பொறுப்பு. இவ்வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியமைக்கு வரியே பெருங்காரணம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940இல், கொள்வனவு வரி என ஒன்று அங்கே விதிக்கப்பட்டது. முழுக் காராக வாங்கினால் அவ்வரி உண்டு. உதிரிப் பகுதிகளாக வாங்கி உரியவரே கூட்டிக்கொண்டால் இல்லை. கொலின் சப்மன் என்னும் பொறியியலாளர் தம் லோட்டஸ் நிறுவனத்தின் வாயிலாக 1957இல் வெளியிட்ட ‘செவன்’ என்னும் சிறு கார் இவ்வழியிற் பெரும்புகழ் பெற்றது. கூட்டும் முறையை விளக்கும் ஏடு உடன் கொடுத்தால் வரி விழும் என்பதால், கழற்றும் முறையை விளக்கும் ஏட்டைக் கொடுத்து, அதனை ஈற்றிலிருந்து முதல் நோக்கி வாசித்துக்கொள்ளுமாறு விட்டனர் என ஒரு கதை அங்கு வழங்குகின்றது. எதிர்மறையாற் பொருள் உணர்த்தும் அத்தந்திரம் நம் இலக்கண ஆசிரியர்க்கும் உவப்பாயிருக்கும். 1973இல் பெறுமதிசேர் வரி வந்தபோது அச்சலுகை நீங்கியது. அதே ஆண்டில் ‘செவன்’ காரை ஆக்கும் உரிமை கேற்றர்ஹாம் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறியது. சலுகை போயிற்று, கூட்டும் ஆசை போகவில்லை. 1996இல் ரொன் சம்பியன் என்பவர், பழைய போட் எஸ்கோட் காரொன்றின் உறுப்புகளைக் கொண்டு 250 பவுணிலே இத்தகைய காரை ஆக்கலாம் என நூலெழுதியபின், வீட்டுக் கொட்டில்களில் இருப்புக்குழாய் அறுப்போர் தொகை பெருகிற்று.

நம் மாணவர் பெட்டிகளில் வந்த வகையையே வாங்கினார். இரண்டு மாரிகாலங்கள், வேலை முடிந்த இரவுகளில், கைகள் விறைக்கும் குளிரில் அதனைக் கூட்டினார். புணரியல் கற்றோர் அறிவர், நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்கள் உண்டென்பதை. கார் கூட்டுவோரும் இம்மூன்றையும் நன்கறிவர்: எங்கிருந்து வந்ததெனத் தெரியாத வாசர் ஒன்று ஈற்றில் மேசைமீது தோன்றும், போல்ட்டின் புரி திரியும், நேற்று இருந்த நட்டு இன்று கெடும். நம் மாணவர் ஒவ்வொரு நட்டையும், முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பனரால் விதித்த அளவுக்கு இறுக்கி, உடனே நட்டின் மேலிருந்து அடித்தளம் வரை மஞ்சட் பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுவாராம். நட்டு இம்மியளவு அசைந்தாலும் கோடு முறிந்து காட்டிவிடும். அந்நாட்டில் இவ்வாறு கூட்டிய காரை அரசாங்கப் பரிசோதகர் பார்த்து ஏற்றபின்னரே தெருவில் ஓட்டலாம். 2009 முதல் இச்சோதனை மிக நுணுக்கமானது. பிறேக், விளக்கு, புகை, ஒலி என்பன மட்டுமன்றி, உடலிற் படக்கூடிய கூரிய விளிம்புகளையும் தடவிப் பார்ப்பார்கள். நம் மாணவரின் கார் இரண்டாந் தடவையில் தேறியது.

தெருவில் ஓடத் தகுதி பெற்ற கார் ஏன் ஓடுகளத்துக்குப் போக வேண்டும் என நான் வினவினேன். தெருவில் அக்காரின் இயல்பில் நாலில் ஒரு பங்கையும் அறிய முடியாது. அறிய முயன்றால் பிறர் உயிருக்கு ஆபத்து என்பது அவர் விடை. ஓட்டப்பந்தயங்களுக்கென அமைந்த களங்களை, பந்தயமில்லாத நாட்களில், கட்டணம் பெற்றுப் பொதுமக்களின் கார்களுக்குத் திறந்துவிடுவார்கள். இதனை ‘ட்ராக் டே’ என்பர். ‘ஓடுகள நாள்’ என யான் மொழிபெயர்த்தேன். இதனினும் நல்ல சொல் வாய்த்தோர் எழுதி உதவுக. அங்கே போட்டியில்லை, முதலிடம் இல்லை, நேரம் கணிப்பதும் தடை. முந்திச் செல்வதும், முன்னே செல்பவர் கண்டு இடம்விட்டபின், சொல்லப்பட்ட பக்கத்தால், நேர்ப்பாதையில் மட்டுமே. இவ்விதியெல்லாம் கேட்டபின் எனக்கு ஓரளவு மனம் அமைந்தது.

இங்கிலாந்தின் ஓடுகளங்கள் பல, போர்க்காலத்து விமானத்தளங்களில் எழுந்தவை. சில்வர்ஸ்ரன், குட்வூட் என்பன அவ்வகையின. ஆதலின் அவை பெரிதும் சமதரையானவை. நாம் சென்ற பிறாண்ட்ஸ் ஹச் அவ்வாறன்று. கென்ற் மாநிலத்தில் இயற்கையாய் அமைந்த ஒரு பள்ளத்தாக்கில், முன்பு புற்றரையில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டிய இடத்தில், 1950இல் தார் இட்டார்கள். 1964 தொடக்கம் 1986 வரை, ஒன்றுவிட்ட ஆண்டுகளில், உலகப் பெரும் பந்தயங்களுள் ஒன்றான பிரித்தானியக் கிராண்ட் பிறீயும் அங்கே நடந்தது. நாம் ஓடிய குறுஞ்சுற்றின் நீளம் ஏறக்குறைய 1.9 கிலோமீற்றர். மேட்டின்மேல் நின்றால் ஒரு கோப்பைக்குள் பார்ப்பதுபோல் அதன் பெரும்பகுதி தெரியும்.

காலை ஏழரை மணிக்குச் சேர்ந்தோம். சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தார்கள்; பொறுப்பேற்கும் பத்திரத்தில் ஒப்பம் வாங்கினார்கள். தெருவுக்கான காப்புறுதி இங்கே பெரும்பாலும் செல்லாது என்பதை வருவோர் அறிந்திருத்தல் நன்று. அடுத்து ஒலிச்சோதனை. புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில், 45 பாகை சரிவில் கருவியை வைத்து, இயந்திரத்தை அதன் உச்ச வேகத்தின் முக்காற் பங்குக்கு முடுக்கச் சொல்வார்கள். களத்தைச் சூழ வாழும் ஊரவரின் முறைப்பாட்டால் வந்த கட்டுப்பாடு இது. பல களங்களில் 105 டெசிபெல்லை மீறலாகாது. சிலவற்றில் எல்லை இன்னுங் கீழானது. நமது கார் 101இல் நின்றது.

பின்னர் எல்லோரையும் ஓர் அறையில் இருத்திக் கொடிகளின் பொருளைக் கற்பித்தார்கள். மஞ்சட் கொடி: முன்னே ஆபத்து, வேகந் தணிக, முந்தற்க. சிவப்பு: ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெல்லத் திரும்புக. நீலம்: வேகமான கார் பின்னே வருகின்றது, இடம் விடுக. கறுப்பு: உம்மையே குறிக்கின்றது, உள்ளே வருக. கறுப்பின் நடுவே செம்மஞ்சள் வட்டமிருந்தால் உமது வண்டியில் ஏதோ பழுது. கறுப்புக் கொடி யாருக்கும் மகிழ்ச்சி தராது. என் வகுப்பிலே தலைமையாசிரியர் வாசலில் வந்து ஒருவனை மட்டும் பெயர் சொல்லி அழைக்கும் நிலைக்கு அதனை ஒப்பிடலாம்.

எனக்கும் ஒரு பணி கிடைத்தது. நம் மாணவர் எழுதி வைத்திருந்த நிரலை நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் தொட்டுப் பார்த்து விடை சொல்வார். சில்லு நட்டுகள், இயந்திர ஒயில் மட்டம், நீர் மட்டம், ஆசனப் பட்டி, இழுகொளுக்கி, கழன்று ஓடக்கூடிய பொருள் எதுவும் உள்ளே கிடக்கின்றதா என்பது. மஞ்சட் கோடுகளை நானே குனிந்து பார்த்தேன். அச்சுப்பிழை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கடினமன்று. நிரலில் இல்லாத ஒன்றுதான் அன்று பிழைத்தது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

முதல் ஓட்டத்துக்குக் களத்துப் பயிற்றுநர் ஒருவரை அருகில் இருத்திக்கொண்டு சென்றார். புதிதாய் வருவோர் இச்செலவைத் தவிர்ப்பது அறிவன்று என்பது என் கருத்து. திரும்பி வந்து அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்டவாறு கூறுகின்றேன். வளைவிலே கார் வழுக்காமல் நிற்பது, நான்கு ரயர்கள் தரையைப் பற்றும் பற்றினால். அப்பற்றுக்கு ஓர் எல்லையுண்டு. வளைவின் ஆரை நான்கு மடங்கானால் ஓடக்கூடிய வேகம் இரண்டு மடங்காகும். எனவே பாதையின் அகலம் முழுவதையும் பயன்படுத்தி, வெளி விளிம்பிலிருந்து தொடங்கி, உள் விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளி விளிம்புக்குச் சென்றால், அதே வளைவு பெரிய ஆரையுடையதாகி விடுகின்றது. இன்னொன்று, ஒரே ரயர் தடுக்கவும் திரும்பவும் ஒருங்கே முழுவலியையும் தர மாட்டாது. ஆதலின் வேகத்தை நேர்ப்பாதையிலேயே தணித்துவிட்டுத் திரும்புதல் வேண்டும். வளைவின் நடுவே அஞ்சி முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், பாரம் முன்னே சாய்ந்து பின்சில்லுகள் இலேசாகிக் கார் பம்பரமாய்ச் சுழலும். அஞ்சினால் தப்பலாம் என்னும் இயல்பான உணர்ச்சியே அங்கு வீழ்த்துவது. அக்களத்தின் முதல் வளைவான படொக் ஹில், மேட்டின் உச்சியில் வலப்புறம் திரும்பி உடனே பள்ளத்தில் வீழ்கின்றது; திரும்பத் தொடங்கும்போது முடிவு கண்ணுக்குத் தெரியாது. முதற் சுற்றுக்களில் நம் மாணவர் அதனைத் தெருவில் மாட்டுவண்டியைக் கடப்பதுபோல் மெல்லவே கடந்தார்.

ஒவ்வோர் ஓட்டமும் 20 நிமிடம். உள்ளே வந்தவுடன் கைப்பிறேக்கை இழுக்கலாகாது. காய்ந்திருக்கும் தகடும் கட்டையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கெடும்; கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வைப்பார்கள். ஆறியபின் சில்லு நட்டுகளை மீண்டும் அளந்து பார்ப்பார்கள். ஓடும்போது சூட்டினால் ரயர்க் காற்றின் அமுக்கம் ஏறுமாதலால், வந்தவுடன் அதையும் அளந்து குறித்தார். இரண்டாம், மூன்றாம் ஓட்டங்களும் குறையின்றி முடிந்தன. நண்பகலுக்கு முன் நான்காம் ஓட்டத்துக்கு, தலைக்கவசம் ஒன்றை என்னிடம் நீட்டி, “சேர், வாங்கோ” என்றார். மறுக்க எனக்கு நா எழவில்லை.

அடுத்து நடந்ததை விளக்குமுன் சிறிது கணக்குச் சொல்ல வேண்டும். அக்காரும் அவரும் சேர்ந்து ஏறக்குறைய 620 கிலோகிராம். மணிக்கு 144 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 72க்குத் தணிக்கும்போது, பிறேக் ஏற்றுக்கொள்ளும் சத்தி 372,000 யூல். ஒரு லீற்றருக்குச் சற்று மேற்பட்ட தண்ணீரை 20 பாகையிலிருந்து கொதிக்கவைக்க அது போதும். ஓர் உதைப்பில், சில விநாடியில், அவ்வளவு வெப்பம். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடம். சுற்றுக்குப் பல உதைப்புகள். என் 70 கிலோ ஏறியதும் அச்சத்தி ஒன்பதில் ஒரு பங்கு கூடியது. வெப்பம் தகட்டிலிருந்து கட்டைக்கும், கட்டையிலிருந்து அதனைத் தள்ளும் பிறேக் ஒயிலுக்கும் ஏறும். ஒயில் என்பது வழக்கேயன்றி, அஃது எண்ணெய் இனமன்று. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். ‘டொட் 4’ என்னும் தரத்தினது, புதிதாயிருக்கையில் 230 பாகைக்குக் கீழே கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்விதி 155 பாகையையே எதிர்பார்க்கின்றது. கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும். திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். அப்போது கால் தள்ளுவது பிறேக்கையன்று, ஆவியை.

ஏழாம் சுற்றோ எட்டாம் சுற்றோ நினைவில்லை. படொக் ஹில்லில் இறங்கி, டுறூயிட்ஸ் என்னும் கொண்டையூசி வளைவை நோக்கி மேடேறிக்கொண்டிருந்தோம். தலைக்கவசத்தினுள் காற்றின் இரைச்சலன்றி வேறொன்றும் கேட்கவில்லை. நம் மாணவரின் வலக்கால் விரைந்து ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை மிதிப்பதைக் கண்டேன். அவ்வளவே. ஏற்றம் வேகத்தை விழுங்க, கியரைக் குறைத்து, வளைவின் வெளி விளிம்பு வரை அகன்று, எப்படியோ திரும்பிவிட்டார். கையை உயர்த்தியபடி ஓரமாக ஊர்ந்து மீதிச் சுற்றை முடித்து உள்ளே வந்தோம். இறங்கியபின்னரே, மிதி தரைவரை சென்றதையும், மீண்டும் மீண்டும் மிதித்தமையால் ஓரளவு பிடித்ததையும் சொன்னார். அவர் முகம் வெளிறியிருந்தது.

“சேர், பயந்திட்டியளோ?”

“இல்லைத் தம்பி. எனக்கு விளங்கேல்லை. விளங்கினால்தானே பயப்பிடுறது.”

அவர் சிரிக்கவில்லை. காரணம் அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முதல் மாரியில் பிறேக் ஒயிற் பேணியொன்றைத் திறந்து பாதியைப் பயன்படுத்தினார். மீதியை மூடிவைத்து, அடுத்த மாரியில் முழுத் தொகுதிக்கும் அதனையே ஊற்றினார். ஓராண்டு கொட்டிலில் நின்ற பேணி, ஈரத்தைக் குடித்திருந்தது. மிச்சம் பிடித்தது சில பவுண்கள்.

இவ்விடத்து அவர் தந்தையாரைப் பற்றி ஒரு சொல். 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வராது தடைப்பட்டிருந்த காலத்தை அனுபவித்தவர் மறவார். சிறிது பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய பழைய கார்கள் பலவற்றுள் அவருடைய ஒஸ்ரினும் ஒன்று. அவர் கராச்சில் எறியப்படும் பொருள் என ஒன்று இருந்ததில்லை. பழைய ரயர்க் குழாய் வாசராகும், வாசர் தேய்ந்தால் வேறொன்றாகும். பாதிப் பேணியை எறியக் கூசிய கை, அக்கையைப் பார்த்து வளர்ந்த கை. அச்சிக்கனம் அங்கே ஊரைக் காத்தது. இங்கே எங்கள் இருவரையும் தடுப்புச் சுவரில் மோதவிடப் பார்த்தது. நம் மாணவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்பேணியை எறிந்திருக்க மாட்டேன்.

அடுத்த கொட்டகையில் நின்ற ஆங்கிலேயர் ஒருவர், கேளாமலே, முத்திரை உடையாத பேணியொன்றைக் கொண்டுவந்தார். பிறேக்குகள் ஆறியதும் பழைய திரவத்தை வெளியேற்றும் வேலை தொடங்கியது. இதற்கு இருவர் வேண்டும். ஆசனத்தில் நான். “அமத்துங்கோ சேர்” என்றால் மிதிக்க வேண்டும். அவர் சில்லினருகே சிறு திருகைத் திறக்க, கண்ணாடிக் குழாய்வழி திரவம் போத்தலுக்கு ஓடும். “விடாதேங்கோ” என்றால் அப்படியே பிடித்திருக்க வேண்டும், திருகு மூடுமுன் காலை எடுத்தால் காற்று உட்புகும். மூடியபின் “விடுங்கோ”. தொலைவிலுள்ள சில்லில் தொடங்கி அண்மையில் முடித்தோம். குழாயில் குமிழிகள் வந்தன; முதலிற் பலவாக, பின்பு ஒன்றிரண்டாக, ஈற்றில் இல்லை. அத்திரவம் பூச்சை அரிக்குமென்று, சிந்திய ஒவ்வொரு துளியையும் தண்ணீர் விட்டுக் கழுவினார். நான்கு சில்லுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பின்பு மிதி கல்லைப்போல் நின்றது.

மாலையில் இன்னும் மூன்று ஓட்டங்கள் இருந்தன. கட்டணமோ முழுநாளுக்குக் கட்டியது. வானமும் தெளிந்திருந்தது. மிதியை அவர் பலமுறை அழுத்திப் பார்த்தார், களத்தையும் பார்த்தார். ஆங்கிலேயரும் இனி ஓடலாம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கில்லை. ஈற்றில் அவர் முன்சில்லைக் கழற்றி உள்ளே கைவிளக்கால் நோக்கினார். கட்டைகளின் முகம் சூட்டினால் கண்ணாடிபோல் மினுங்கியது. திரவம் புதிது, கட்டை பழுது. “இது வீட்டுக்குப் போகக் காணும், சேர். உதுக்குக் காணாது” என்று களத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு, சில்லைப் பூட்டி, நட்டுகளை அளந்து இறுக்கினார். மஞ்சட் கோடுகளை நான் மறுபடி பார்த்தேன். எஞ்சிய மூன்று ஓட்டங்களையும் வேலியருகே நின்று, படொக் ஹில்லில் மற்றவர்கள் எங்கே திரும்புகின்றனர், எங்கே பிறேக் விளக்கு எரிகின்றது என்பதைக் கொப்பியிற் குறித்துக்கொண்டிருந்தார். மாணவராயிருந்த காலத்தில் என் வகுப்பில் அவ்வளவு குறிப்பு எடுத்ததை நான் கண்டதில்லை.

வீட்டுக்குப் பெருந்தெருவின் இடது ஓரமாக மெல்ல வந்தோம். மூடியில்லாத அக்காரில் லொறிகளின் சில்லுகள் நம் காதளவு உயரத்தில் உருண்டன. எனக்கு உண்மையான அச்சம் அப்போதுதான் வந்தது.

நான் ஊர் திரும்பியபின் ஐப்பசியில் அவர் கடிதம் எழுதினார். புதிய கட்டைகளும், மேலும் உயர்ந்த கொதிநிலையுடைய திரவமும் இட்டு மீண்டும் பிறாண்ட்ஸ் ஹச் சென்று, ஏழு ஓட்டங்களையும் ஓடி முடித்தாராம். சோதனை நிரலில் ‘பிறேக் ஒயில்: பேணி திறந்த திகதி’ என ஒரு வரி புதிதாய்ச் சேர்ந்திருக்கின்றதாம். கார் அன்று இன்னும் நன்றாகத் திரும்பியதென்றும், அதற்கு நான் அருகில் இல்லாமையால் 70 கிலோ குறைந்ததே காரணமாகலாம் என்றும் எழுதியிருந்தார்.